ரேம் 90 சதவீதம் காட்டுகிறதா? தின்பது யார் என்று பார்ப்போம்

கணினி திணறினால் சர்வீஸ் கடையில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான். ஃபார்மட் அடிக்கலாம் என்பார்கள், இல்லையென்றால் ரேம் கூட்டச் சொல்வார்கள். இரண்டுமே சில நேரம் பலிக்கும். ஆனால் மெமரி எங்கே போகிறது என்று பார்க்காமல் செய்தால் பலன் நிலைக்காது. ஃபார்மட் அடித்த பிறகு அதே டிரைவரையும் (வைஃபை, ஆடியோ போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) அதே பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் திரும்பப் போட்டதும் பழைய தொல்லை தலைகாட்டும். 16 ஜிபி ரேம் போட்டாலும், உள்ளே ஒரு டிரைவர் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் கசிந்துகொண்டிருந்தால் அதையும் விழுங்கிவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கணினியில் எந்த எண்ணைப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை இங்கே பார்க்கலாம். முக்கால்வாசி வேலைக்கு விண்டோஸுடன் வருகிற கருவிகளே போதும்.

சதவீதம் மட்டும் எதையும் சொல்லாது

சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அதனால் நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களையும் கோப்புகளையும் விண்டோஸ் முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். இந்த வேலையைப் பின்னணியில் செய்யும் விண்டோஸ் சர்வீஸின் பெயர் சிஸ்மெயின். விண்டோஸ் விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்ததுதான் இது. இப்படி ஏற்றி வைத்தது ‘கேஷ்டு’ கணக்கில் வரும். வேறொரு புரோகிராம் இடம் கேட்டதும் விண்டோஸ் அந்த இடத்தைக் கொடுத்துவிடும். ஆகவே ‘ஃப்ரீ’ என்ற எண் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. அந்த 4 ஜிபி கணினியை ஆன் செய்து எதையும் திறக்காமல் வைத்தாலே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். 8 ஜிபி கணினியில் 3 முதல் 4 ஜிபி வரை போவது இயல்பு. 16 ஜிபியில் 5, 6 ஜிபிகூடக் காட்டும். ‘ரேம் கூட்டியும் சும்மா இருக்கும்போதே இவ்வளவு தின்கிறதே’ என்று பலரும் குழம்புவது இங்கேதான். இடம் தாராளமாக இருந்தால் விண்டோஸ் தாராளமாக வைத்துக்கொள்ளும். நெருக்கடி வந்தால் அழுத்திச் சுருக்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் திரை சில நொடி உறைந்து நிற்பது, மெமரி குறைவு என்ற எச்சரிக்கைப் பெட்டி வருவது, பிரவுசரோ கேமோ தானாக மூடிக்கொள்வது, புதிதாக எதையும் திறக்காமலே எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது.

ஒரு பக்கத்தை நிதானமாகப் படிப்போம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேரடியாகத் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். 8 ஜிபி லேப்டாப் ஒன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இன் யூஸ் 5.9 ஜிபி, அடைப்புக்குறிக்குள் கம்ப்ரெஸ்டு 410 எம்பி, அவைலபிள் 1.8, கமிட்டட் 11.2/14.9, கேஷ்டு 1.8, பேஜ்டு பூல் 390 எம்பி, நான்-பேஜ்டு பூல் 280 எம்பி.

5.9-ஐப் பார்த்ததும் 77 சதவீதம் என்று மனம் கணக்குப் போடும். அதைவிட முக்கியம் அந்த 11.2/14.9. ‘கமிட்டட்’ என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் கேட்டு, விண்டோஸ் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்த மெமரி. சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது அதன் உச்ச வரம்பு. ரேமையும், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பான பேஜ் ஃபைலையும் கூட்டினால் வருவது. இந்தக் கணினியில் பயன்படும் ரேம் 7.7 ஜிபி, பேஜ் ஃபைல் 7.2 ஜிபி, ஆக 14.9.

ரேம் நிரம்பினால் கணினி மெதுவாகும். கமிட்டட் வரம்பைத் தொட்டால் புரோகிராம்கள் விழும். இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ‘ரேமில் இன்னும் 2 ஜிபி பாக்கி இருக்கிறதே, பிறகு ஏன் கேம் கிராஷ் ஆகிறது’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தச் சாய்கோட்டின் இரு பக்கமும் இருக்கும்.

கம்ப்ரெஸ்டு என்பது விண்டோஸ் 10-இல் வந்த ஏற்பாடு. கொஞ்ச நேரம் தொடாத பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளுக்குப் பெயர் பக்கம்) டிஸ்க்குக்குத் தள்ளுவதற்கு முன் ரேமிலேயே அழுத்திச் சுருக்கி வைக்கும். சில நூறு எம்பி இருப்பது சகஜம். 8 ஜிபி கணினியில் அதுவே 1.5, 2 ஜிபி என்று போனால் நெருக்கடி உண்மைதான்.

நான்-பேஜ்டு பூல், அதாவது விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் பிடித்து வைத்திருக்கும் மெமரி, கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும் எண். யாரும் அதைப் பார்ப்பதில்லை. வீட்டுக் கணினியில் சில நூறு எம்பிக்குள் இருக்க வேண்டியது அது. 1 ஜிபியைத் தாண்டினால் அங்கேதான் திருடன். அதைப் பிறகு பார்ப்போம்.

ரேம் பற்றாக்குறை உண்மையிலேயே வேகத்தைக் கெடுக்கிறதா என்று உறுதி செய்ய, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து ‘மெமரி’ பகுதியைப் பாருங்கள். வலப்பக்கம் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்று ஒரு வரைபடம் ஓடும். தேவைப்பட்ட பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது ஒரு நொடிக்கு எத்தனை முறை என்பதே அந்த எண். ஒரு புரோகிராமைத் திறக்கும் கணத்தில் அது நூற்றுக்கணக்கில் எகிறுவது தப்பில்லை. திறந்து முடிந்து, நீங்கள் சாதாரணமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதும் நிமிடக்கணக்கில் இறங்காமல் நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

இதில் டிஸ்க் எது என்பது பெரிய விஷயம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டுகளைப் படிக்கும்போது நொடிக்குச் சுமார் நூறு முறைதான் படிக்க முடியும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் படிக்கும். அதனால்தான் ஒரே 8 ஜிபி ரேம் உள்ள இரண்டு லேப்டாப்பில் ஒன்று நடக்கிறது, மற்றொன்று தவழ்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் கணினிக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, ரேம் அடுத்ததுதான். கையில் 4 ஜிபி மட்டுமே இருந்தால் இரண்டும் தேவைப்படும்.

பட்டியலில் முதலில் நிற்பவர் யார்

டாஸ்க் மேனேஜரின் ‘பிராசஸஸ்’ பகுதியில் ‘மெமரி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பவர் மேலே வருவார். பெரும்பாலும் அது பிரவுசர்தான். கோபப்படுவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் தரவை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக 2018 முதல் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பிராசஸில், அதாவது தனித்தனிப் புரோகிராம் போல, ஓட்டுகிறது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை ரேம்.

குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் பிரவுசருக்கென்றே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘மெமரி ஃபுட்பிரிண்ட்’ தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். மின்னஞ்சல், வீடியோ, சமூக ஊடகம் போன்ற கனமான டேப் ஒன்று 200 முதல் 500 எம்பி வரை எடுப்பது வழக்கம். ஒரே டேப் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று நின்றால் அந்தப் பக்கமே கசிகிறது. மூடித் திறந்தால் தீரும். ‘எக்ஸ்டென்ஷன்’ என்று தொடங்கும் வரிகளையும் பாருங்கள். கூப்பன் தேடித் தருகிற, வீடியோ இறக்கித் தருகிற எக்ஸ்டென்ஷன்கள் எல்லாப் பக்கத்திலும் நுழைந்து ஓடும். அதனால் அவற்றின் செலவு அவற்றின் வரியில் மட்டும் தெரியாது, ஒவ்வொரு டேபின் எடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் அணைத்து, ஒருநாள் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குவதே நேர்மையான சோதனை.

குரோமின் செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி சேவர்’ இருக்கும். எட்ஜில் அதே வேலைக்கு ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’. கொஞ்ச நேரம் தொடாத டேப்களின் ரேமை இவை விடுவிக்கும். வாட்ஸ்அப் வெப் போல எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் தொந்தரவில்லை. கூடவே, பிரவுசரை மூடிய பிறகும் பின்னணியில் ஓடு என்ற அனுமதி குரோமில் ‘சிஸ்டம்’ பகுதியில் இருக்கும். எட்ஜில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்ற பெயரிலும் ஒன்று உண்டு. 4 ஜிபி கணினியில் இவற்றை அணைத்துவிடுவது நல்லது.

டிஸ்கார்ட், ஸ்லாக், புதிய டீம்ஸ் போன்றவை பார்க்கத் தனிப் புரோகிராம்கள். உள்ளே ஓடுவதோ பிரவுசர் இன்ஜின். ஆளுக்கு ஒரு பிரவுசரைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பட்டியலில் ‘வெப்வியூ2’ என்று தெரிவது இப்படிப்பட்ட ஒன்றின் பகுதி. அது வைரஸ் இல்லை. இவற்றில் பல, கணினி ஆன் ஆனதும் தானாகவே எழுந்துவிடும். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் வேண்டாதவற்றை ‘டிஸேபிள்’ செய்யலாம். புரோகிராம் அழியாது, தானாக எழுவது மட்டும் நிற்கும். டச்பேட், ஆடியோ, ஆன்ட்டிவைரஸ் தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘பிராசஸஸ்’ பகுதி காட்டுவது ஒரு புரோகிராம் இந்தக் கணத்தில் ரேமில் வைத்திருப்பதை மட்டுமே. சுருக்கப்பட்டதும் டிஸ்க்குக்குப் போனதும் அதில் வராது. கசிவைப் பிடிக்க ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாக ‘கமிட் சைஸ்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேமில் 150 எம்பி மட்டும் காட்டும் பிரிண்டர் மென்பொருள் ஒன்று கமிட் கணக்கில் 4 ஜிபி பிடித்து வைத்திருப்பதை அப்போதுதான் காண முடியும்.

அறிமுகமில்லாத பெயர் எதுவும் மேலே நின்றால் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் அல்லது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ‘டெம்ப்’ ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளோடு இருந்தால் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

ஷட்டவுன் செய்தாலும் தீராத கசிவு

கசிவு என்றால், புரோகிராம் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் வாங்கிக்கொண்டே போவது. அதைக் கண்டுபிடிக்க அளவெடுக்க வேண்டும். கணினியை ரீஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு கமிட்டட், நான்-பேஜ்டு பூல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலையைச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து எல்லாப் புரோகிராமையும் மூடிவிட்டு மறுபடி பாருங்கள். மறுநாளும் ஒருமுறை. ஏறி இறங்கினால் பயன்பாடு. ஏறி அப்படியே நின்று அடுத்த நாள் அதற்கும் மேலே போனால் கசிவு.

ரீஸ்டார்ட் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப ஏற்றப்படும். கசிகிற டிரைவரும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டாஸ்க் மேனேஜரில் ‘சிபியு’ பகுதியில் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் இரவு ஷட்டவுன் செய்கிறவர் கணினியிலும் அது 14 நாள் என்று காட்டுவது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் உண்மையிலேயே எல்லாம் கலைந்து புதிதாக ஏறும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் அதே பலன்.

இனி அந்த நான்-பேஜ்டு பூல். பட்டியலில் உள்ள எல்லாப் புரோகிராமையும் கூட்டினால் 2 ஜிபிகூட வரவில்லை, மேலே 85 சதவீதம் என்கிறது. அப்படியென்றால் சாப்பிடுவது பட்டியலில் வராத ஆள், அதாவது டிரைவர். நான்-பேஜ்டு பூல் டிஸ்க்குக்கு நகர்த்த முடியாத மெமரி என்பதால் அது வளர வளர மற்றவர்களுக்கு இடம் குறைந்துகொண்டே போகும். வைஃபை, நெட்வொர்க் டிரைவர்கள், விபிஎன், ஆன்ட்டிவைரஸ், கேமுக்கு நெட் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று மதர்போர்டுடன் வருகிற மென்பொருள்கள் ஆகியவைதான் வழக்கமான சந்தேகப் புள்ளிகள்.

மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் டிரைவர் கிட்டில் ‘பூல்மான்’ என்று ஒரு சிறு கருவி வருகிறது. அட்மின் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டி, பி விசையை அழுத்தினால் பைட் கணக்கில் வரிசையாகும். பீ விசையை அழுத்த அழுத்த நான்-பேஜ்டு மட்டும், பேஜ்டு மட்டும், இரண்டும் என்று மாறும். (முதலாவது ஆங்கில வரிசையில் இரண்டாம் எழுத்து, அடுத்தது பதினாறாம் எழுத்து.) முதல் வரியில் நாலெழுத்தில் ஒரு ‘டேக்’ தெரியும். அந்த நாலெழுத்து எந்த டிரைவர் கோப்புக்குள் இருக்கிறது என்று சிஸ்டம்32-இல் உள்ள டிரைவர்ஸ் ஃபோல்டரில் தேடினால் ஆள் சிக்குவார்.

அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் எளிய வழி உண்டு. லேப்டாப் அல்லது மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே வைஃபை, லேன் டிரைவர்களைப் புதுப்பியுங்கள். விபிஎன், இரண்டாவது ஆன்ட்டிவைரஸ், நெட் பூஸ்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து அளவெடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் யார் குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர், விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். அவை பிடிக்கும் ரேம் வழக்கமான பட்டியலில் முழுதாகத் தெரியாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ரேம்மேப்’ கருவியில் ‘டிரைவர் லாக்டு’ என்ற வரி ஜிபி கணக்கில் இருந்தால் அதுதான் விடை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் பட்டியலில் ‘விஎம்மெம்’ என்று பார்ப்பார்கள். வரம்பு வைக்காவிட்டால் அது மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும்.

ரேம் இருந்தும் இல்லாத கதை

‘8 ஜிபி, பயன்படுவது 3.9’ என்று காட்டும் கணினிகள் உண்டு. 7.7, 7.8 என்றால் சரி. மீதியை உள்ளமைந்த கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஏஎம்டி புராசசர்களில் அது 2 ஜிபிவரைகூடப் போகலாம், பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) குறைக்கலாம். அதற்கும் மேல் காணாமல் போனால் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து ‘பூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ‘மேக்ஸிமம் மெமரி’ டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூட்ட டிப்ஸ் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே எண் கொடுத்தவர்கள் தாங்களே ரேமைப் பூட்டி வைத்திருப்பார்கள். டிக்கை எடுத்தால் போதும். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் எவ்வளவு ரேம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது.

பேஜ் ஃபைலை அணைத்தால் கணினி வேகமாகும் என்பதும் அதே ரகம். அணைத்தால் கமிட்டட் வரம்பு ரேமின் அளவுக்குச் சுருங்கும், புரோகிராம்கள் சீக்கிரம் விழும். விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் சரி. ஆனால் அது வளர சி டிரைவில் இடம் வேண்டும். 2 ஜிபி மட்டும் மிச்சமிருக்கும் சி டிரைவும் ‘மெமரி போதவில்லை’ என்ற செய்தியை வரவழைக்கும். 15, 20 ஜிபி எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

ரேம் கிளீனர், ரேம் பூஸ்டர் மென்பொருள்களால் பயனில்லை. ஓடும் புரோகிராம்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக ரேமிலிருந்து வெளியேற்றி எண்ணை இறக்கிக் காட்டும். அடுத்த சொடுக்கில் அந்தப் பக்கங்கள் திரும்பி வர வேண்டும். எண் அழகாகும், கணினி மெதுவாகும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

கசிவு இல்லை, வேண்டாதது எழுவதில்லை, ஆனாலும் வழக்கமான வேலையிலேயே கமிட்டட் எண் ரேமைவிடப் பெரிதாக நின்று ஹார்ட் ஃபால்ட்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் ரேம் வாங்குவது நியாயம்.

கடைக்குப் போகுமுன் டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் கீழே பாருங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ 1 ஆஃப் 2 என்றால் ஒன்று காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ சோடிம் என்றால் லேப்டாப் வகை. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் போர்டிலேயே சாலிடர் செய்தது. தனி ஸ்லாட் இல்லாவிட்டால் கூட்ட வழியில்லை. ‘ஸ்பீட்’ 1600 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் டிடிஆர்3, 2400, 2666, 3200 என்றால் டிடிஆர்4, 4800-உம் 5600-உம் டிடிஆர்5. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டிடிஆர்3-இல் 1.35 வோல்ட்டில் ஓடும் ‘எல்’ வகையை மட்டும் ஏற்கும் லேப்டாப்கள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். வெவ்வேறு வேகத்தில் இரண்டைப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். 4-உம் 8-உம் கலந்து போட்டாலும் பெரும்பாலும் ஓடும். விலை கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் ஒரே அளவு ஜோடியே மேல்.

செருகுமுன் சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்து, உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். லேப்டாப் ரேமைச் சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினால் இருபுறக் கிளிப்பும் டக்கென்று பிடிக்க வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது, குறிப்பாக டிடிஆர்5-இல், திரை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். அதற்கு மேலும் திரை வராவிட்டால் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு மறுபடி செருகுங்கள். விண்டோஸ் ஏறியதும் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ ஒருமுறை ஓட்டுங்கள். அதில் ஒரு பிழை வந்தாலும் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.